கரை ஆள்

வாயைக் கட்டத் தெரியாதவன் தறியைக் கட்டி என்ன பிரயோஜனம்? பலராமன் ஆரணியிலேயே பேர் சொல்லும் நெசவாளி. அவன் கைக்கு ஒரு குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் அவன் வாய் திறந்ததே, அதற்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. முழுக்கச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சக்கரவர்த்தி முதலாளியின் ஷெட்டில் ஒரு டஜன் பட்டுத் தறிகள் ஓடின. அவற்றில் கோர்வைத் தறி ஒன்றே ஒன்றுதான். கோர்வை என்றால் சீலையின் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டுக்கும் குறுக்கிழையை இழுத்துப் போகிற நாடாக் கட்டை தனித்தனியாக ஓட வேண்டும். உடல் இழையும் கரை இழையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. நடுவில் உட்காருகிறவன் உடலையும் வலது கரையையும் போடுவான். அதே பலகையில் அவனுக்கு இடது பக்கம் ஒருவன் உட்கார்ந்து, இடது கரைக்கு மட்டும் நாடா தள்ளுவான். அவனைக் கரை ஆள் என்பார்கள்.

வீட்டுத் தறி என்றால் பெண்டாட்டியோ பிள்ளையோ கரை ஆளாக உட்காருவார்கள். இந்த ஷெட்டில் உட்கார்ந்தவன் ஜோசப்ராஜ். முப்பதைத் தாண்டிய ஆள், மீசைக்காரன், சகாயமேரியின் புருஷன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். சேவூர்ப் பக்கம் குத்தகைக்குப் பயிர் வைத்த குடும்பம். மழை பொய்த்துக் கிணறு வற்றிய வருஷத்தில் இந்த ஷெட்டுக்கு வந்தவன், வந்த அன்றைக்கு பலராமனின் இடது பக்கம் உட்கார்ந்தான். அங்கேயே பதினைந்து வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஜோடியைப் பற்றி ஆரணியில் ஒரு பேச்சு உண்டு. இரண்டு பேரும் ஒரே மூச்சு விடுகிறார்கள் என்பார்கள். பொய்யில்லை. பலராமன் இழையை நெருக்கும் அச்சை இழுத்து அடிக்கிற நேரத்துக்கு ஜோசப்ராஜின் நாடா போய்ச் சேர்ந்திருக்கும். பேச்சே வேண்டாம். இழை அறுந்தால் ஜோசப்ராஜ் நாடாவின் நுனியால் பலகையில் ஒரு தட்டு தட்டுவான், பலராமன் நிறுத்துவான். அவர்கள் போட்ட கோர்வையில் விரல் வைத்துத் தடவினால் எங்கே கரை முடிந்தது, எங்கே உடல் ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது.

அந்த ஷெட்டில் ஆளுக்கொரு ஆசை. வேணுகோபாலுக்குச் சொந்தத் தறி வேண்டும். அடுத்தவன் ஷெட்டில் நெய்வது மாமியார் வீட்டில் தூங்குகிற மாதிரி, காலை நீட்ட முடியாது என்பான். ஜெயவேலுக்கு மாசம் பிறந்தால் வருகிற சம்பளமும் பென்ஷனும் வேண்டும். எந்த சர்க்கார் ஆபீசில் பியூன் வேலை காலி என்றாலும் மனுப் போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பான். பலராமனுக்கோ ஒன்றும் வேண்டாம். தறி போதும். ஒரு முறை முதலாளி மேஸ்திரி ஆகிறாயா என்று கேட்டதற்கு, "நின்னுகினு அடுத்தவன் தப்பைத் தேடறது ஒரு வேலையாங்க? நமக்குத் தறிக் குழியில கால் தொங்குனாத்தான் சோறு எறங்கும்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஜோசப்ராஜுக்கு என்ன ஆசை? யாரும் கேட்டதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பலராமனும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, தன்னைப் போலத்தானே அவனும் என்று நினைத்துக்கொண்டான் புண்ணியவான்.

எண்பதாம் வருஷம் ஆடி மாசம் சுப்பன் மேஸ்திரி வயசாகிவிட்டது என்று போளூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை தறியை மூடும்போது ஜோசப்ராஜ் வழக்கமில்லாத வழக்கமாகத் தயங்கிக்கொண்டு நின்றான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்."

"கேளேன். இன்னாத்துக்குப் புதுப் பொண்ணு மாதிரி நெளியறே?"

"மேஸ்திரி எடத்துக்கு மொதலாளி என்னை நெனைச்சிகினு கீறாராம். கணக்குப் பிள்ளை சொன்னாரு. எப்படியும் உன்னைக் கேப்பாரு. நல்லதா ஒரு வார்த்தை சொல்லுணா."

பலராமன் அவனைப் பார்த்தான். "உனக்கு மேஸ்திரி ஆவணுமா?"

"ஆவணும்ணா." பட்டென்று வந்தது பதில். பிறகுதான் கூச்சப்பட்டான். "நானும் எவ்ளோ நாளு கரை ஆளாவே இருக்கறது? பெரியவளை இஸ்கூல்ல சேக்கப் போனப்ப, அப்பா இன்னா வேலைன்னு கேட்டாங்க. நெசவுன்னேன். பக்கத்துல இருந்த நம்ம ஊராளு ஒருத்தன், நெசவு இல்ல சார், கரை ஆளுன்னு சிரிச்சான். கொழந்தை என் மூஞ்சியப் பார்த்துச்சு. அதிலேருந்து மனசு ஒரு நெலையில இல்ல. எல்லாத் தறியையும் சுத்தி வந்து பார்க்கணும், நாலு பேருக்குச் சொல்லித் தரணும். என்னால முடியும்ணா."

"முடியும், முடியும்" என்றான் பலராமன். வேறு என்ன சொல்வான்? பதினைந்து வருஷத்தில் ஜோசப்ராஜ் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

ஞாயிறு முழுக்க பலராமனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜோசப்ராஜ் எழுந்து போய்விட்டால் இடது பக்கம் யார்? இரண்டு கையும் ஒன்றாகப் பழக எத்தனை காலம் ஆயிற்று! புது ஆளைப் போட்டால் கோர்வை சந்து விடும், இல்லையென்றால் திரண்டு நிற்கும். கோர்வைத் தறியையே கழற்றிவிட்டு முதலாளி அங்கே சாதாத் தறி போட்டுவிடுவார். இது வேலைக் கவலை. இதற்குக் கீழே இன்னொன்று இருந்தது, அதை அவன் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. ஜோசப்ராஜ் பக்கத்தில் இல்லாமல் எப்படி உட்காருவது என்பதுதான் அது. பெண்டாட்டி கெங்கம்மாளோடு பேசினதைவிட அந்தப் பலகையில் பேசாமல் இருந்தது அவனுக்குப் பெரிசு.

திங்கட்கிழமை காலையில் முதலாளி கூப்பிட்டார்.

"வா பலராமா. ஜோசப்பை மேஸ்திரி போடலாம்னு பார்க்கறேன். பொறுமைசாலி, எல்லார்கிட்டயும் நல்லாப் பேசறான். பக்கத்துலயே உக்காந்து பார்த்தவன் நீ. நீ சொல்றதுதான் எனக்கு முடிவு."

அங்கேதான் சனியன் நாக்கில் வந்து உட்கார்ந்தது. பலராமன் ஆமாம் என்று சொல்லத்தான் போனான். உதட்டுக்கு வந்தது வேறு.

"நல்ல பையன்தாங்க. ஆனா… கண்ணு கொஞ்சம் மங்கல். கிட்டத்து இழை தெரியறதில்ல. மேஸ்திரி வேலைக்கு அதானே வேணும்."

முதலாளி கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "அப்படியா? சரி, நீ போ" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. பலராமன் வந்து பலகையில் உட்கார்ந்தான். "கேட்டாராணா?" என்று ஜோசப்ராஜ் மெதுவாகக் கேட்டான். "கேட்டாரு, சொல்லிக்கீறேன்" என்றான் இந்தப் படுபாவி. அந்த மனுஷன் முகம் மலர்ந்துபோயிற்று. அன்றைக்கு அவர்கள் நெய்த நெசவு மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அரக்கு உடலும் பச்சைக் கரையும் போட்ட கல்யாணச் சீலை. நாடா இரண்டும் சந்தோஷமாகப் போய் வந்தன.

மறுநாள் முதலாளி மறுபடியும் கூப்பிட்டார். தராசில் பட்டு நூல் நிறுத்துக்கொண்டே பேசினார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன் பலராமா. கண்ணு மங்கினவனை மேஸ்திரி ஆக்கறது இருக்கட்டும், கோர்வைத் தறியில எப்படி உக்கார வெக்கறது? ஒரு கல்யாணச் சீலை கெட்டா என் பேரு இன்னா ஆவறது? இப்ப ஓடற சீலையோட அவனை எறக்கிடு. பாதியில கை மாத்துனா கோர்வை மாறிப் போவும், அதனால இதை மட்டும் முடிச்சுக் குடுக்கட்டும். அப்புறம், ஜோடி இல்லாம நீ ஒத்தையா இன்னா பண்ணப் போறே? மேஸ்திரி வேலையை நீயே எடுத்துக்கோ."

கேட்டீர்களா முதலாளி நியாயத்தை! கண் தெரியாதவனாம், ஆனால் சீலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். பலராமன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மொதலாளி, நான் சொன்னது பொய்யிங்க. அவன் கண்ணு நல்லாக் கீது. என்னைவிட நல்லாக் கீது. அவன் எழுந்து போயிட்டா எனக்கு ஜோடி இல்லாம போயிடுமேன்னு சொல்லிட்டேங்க. என்னைச் செருப்பால அடிங்க, அவனை எறக்காதீங்க."

முதலாளி சிரித்தார். கோபம் இல்லை, பெருமையாகச் சிரித்தார்.

"எனக்குத் தெரியும் பலராமா, நீ இப்படி வந்து நிப்பேன்னு. நேத்து கேட்டவுடனே சொன்னே, அது நெசம். இன்னிக்கி அவன் பொழைப்பு போவுதேன்னு தெரிஞ்சதும் கதை கட்டறே. இந்தக் காலத்துல கூட வேலை செய்யறவனுக்காகத் தன்னைப் பொய்யன்னு சொல்லிக்கறவன் எவன் இருக்கான்? உன் மனசுக்காகச் சொல்றேன், அவனுக்கு எங்கேயாவது வாட்ச்மேன் வேலை பார்த்துத் தரேன். போ."

எத்தனை தரம் சொன்னாலும் அதே சிரிப்புதான். பொய்யை ஒரே பேச்சில் நம்பின மனுஷர் உண்மையை நம்பவே மாட்டேன் என்றார்.

பகல் சாப்பாட்டுக்குள் ஜோசப்ராஜுக்கு விஷயம் போய்விட்டது. முதலாளியே கூப்பிட்டு, பலராமன் வாய் தவறிச் சொல்லிவிட்டான், பிறகு உனக்காக மறைக்கப் பார்த்தான் என்கிற மாதிரி இதமாகச் சொல்லியிருக்கிறார். பலராமன் சோற்றுத் தூக்கைத் திறக்காமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஜோசப்ராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், இடது பக்கம்தான். சண்டை போடுவான், சட்டையைப் பிடிப்பான் என்று பலராமன் எதிர்பார்த்தான். அப்படிப் பிடித்திருந்தால் நல்லது.

"ஏண்ணா, என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

பலராமன் தூக்கின் மூடியைத் திருகித் திருகி மூடினான்.

"எனக்கே தெரியலணா. நல்லாத் தெரியற மாதிரிதான் கீது. ஆனா பக்கத்துல உக்காந்து பார்க்கறவன் நீ. நீ சொன்னா தப்பா இருக்காது. இத்தினி நாளா என் தப்பையெல்லாம் சொல்லாம நீயே சரி பண்ணிகினு வந்தியா?" அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எதிரே இருந்த வேலியைப் பார்த்தான். கிட்டே இருக்கிற இலையைப் பார்த்தான். மறுபடியும் தூரத்தைப் பார்த்தான். "பொண்ணுங்க ரெண்டு கீதுங்க. அதான் பயமா கீதுணா. முழுசா போயிடுமா?"

அட பாவி மனுஷா, அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! "ஒண்ணும் ஆவாது, சும்மா இருடா" என்று மட்டும் சொன்னான் பலராமன்.

"அமாவாசைக்கு லீவுதானே. வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரேன். சகாயமேரி அழுதுகினே கீது."

"வேலூரெல்லாம் எதுக்கு?"

"நீயே சொன்னப்புறம் சும்மா எப்படிணா இருக்கறது?" என்றான் ஜோசப்ராஜ்.

அன்றைக்கு வீட்டில் பலராமன் கெங்கம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அதற்குள் சேதி கேட்டு, மேஸ்திரி பெண்டாட்டி ஆகப் போகிறோம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் இங்க வந்தா என் கையால சோறு துன்னுட்டுப் போவான், அண்ணின்னு கூப்பிடுவான். அவன் வாயில மண்ணைப் போட எப்படிங்க மனசு வந்துச்சு?"

"அவன் வேணும்னுதான்டி சொன்னேன்."

"வேணும்னா கையைப் புடிச்சி இருடான்னு கேக்கணும். கண்ணைப் புடுங்குவாங்களா?" என்றாள் அவள். அதற்குப் பிறகு சில நாள் அவனுடன் பேசவில்லை.

அமாவாசை போயிற்று. நெசவாளிகள் தறி தொடாத நாள் அது. ஊரே தூங்கி எழுந்து சினிமாவுக்குப் போகும். பலராமன் மட்டும் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜோசப்ராஜ் இறங்கினால் அங்கேயே காலில் விழுந்துவிடுவது என்று முடிவு. சாயங்காலம் அவன் இறங்குவதைப் பார்த்ததும் டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அந்த லட்சணத்தில் இருந்தது அவன் தைரியம்.

மறுநாள் காலை ஜோசப்ராஜ் எப்போதும் வருகிற நேரத்துக்கு வந்தான். குழியில் காலை இறக்கினான், நாடாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பலராமன் பக்கம் திரும்பவில்லை.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்லியாம்ணா. டாக்டர் சிரிக்கறாரு. இந்தக் கண்ணை வெச்சிகினு யாருயா உன்னை இங்க அனுப்புனதுன்னு கேக்கறாரு."

பலராமன் தலை குனிந்தான்.

"பஸ்ஸுல வரும்போதெல்லாம் யோசிச்சேன். அண்ணனுக்கு எப்படித் தப்பாத் தெரிஞ்சிருக்கும்? கண்ணமங்கலம் தாண்டறப்பதான் புரிஞ்சுது."

"நீ போயிட்டா நான் யாரோட நெய்வேன்னு…" பலராமனுக்கு அழுகை வந்துவிட்டது. "வா, ரெண்டு பேரும் மொதலாளிகிட்ட போவோம். டாக்டர் சொன்னதைச் சொல்லு, நான் செஞ்சதை நான் சொல்றேன்."

"சொன்னா உன்னை வெச்சிருப்பாரா? இன்னொருத்தன் பொழைப்பைக் கெடுத்து எனக்கு மேஸ்திரி வேலை வேணாம்ணா. அது எனக்கு வராது." அவன் குரல் உயரவே இல்லை. "பதினஞ்சு வருஷம். நீ இன்னா நெனைக்கறேன்னு உன் தோளு அசையறதுலயே எனக்குத் தெரியும். நான் இன்னா ஆவணும்னு ஒரு தபாகூட நீ கேக்கல. நானா வாய் தொறந்து கேட்டேன். அதையும் எடுத்துகினே."

கேட்டீர்கள் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

"மீதி கொஞ்சம்தான் கீது" என்றான் ஜோசப்ராஜ். "போடுணா, முடிச்சிடலாம். யாரோ ஒரு பொண்ணு கட்டிக்கப் போற சீலை."

போட்டார்கள். பலராமன் நாடா தள்ளினான், பக்கத்து நாடா வந்து கோத்துக்கொண்டது, அச்சு இறங்கியது. ஒருவன் நிறுத்தின இடத்தில் மற்றவன் நிறுத்தினான், ஒருவன் அடித்த நேரத்துக்கு மற்றவன் விலகினான். பலராமனின் கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தது. துடைக்கக் கையை எடுத்தால் நெசவு நிற்கும், நெசவு நின்றால் ஜோசப்ராஜ் எழுந்து போய்விடுவான். துடைக்காமலே நெய்தான். மெதுவாக நெய்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பான் என்று பார்த்தான். ஜோசப்ராஜ் பலகையில் ஒரு தட்டு தட்டினான், இழை அறுந்ததற்கு அல்ல, ஜல்தியாகப் போகட்டும் என்றுதான்.

விளக்கு வைப்பதற்கு முன்னால் சீலை முடிந்தது. ஜோசப்ராஜ் நாடாவைக் கண்ணில் ஒற்றி, பலகையின் இடது ஓரத்தில் வைத்தான். குழியிலிருந்து காலை எடுத்தான். "வரேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை.

கண் மங்கல் என்ற பேச்சு அவனுக்கு முன்னாலேயே ஊரைச் சுற்றிவிட்டது. ஆரணியில் எந்த ஷெட்டும் சேவூரில் எந்த வீடும் அவனைத் தறியில் உட்கார வைக்கத் துணியவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றுகிறான் என்று கேள்வி. சகாயமேரியும் குழந்தைகளும் பின்னாலேயே போய்விட்டார்கள். பலராமன் இரண்டு முறை தேடிப் போனான். ஷிப்டில் இருக்கிறார் என்று கேட்டிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வேலைக்கு ஜோடி இல்லை, வேறு வழியும் இல்லை. எந்த வேலையை வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினானோ அந்த மேஸ்திரி வேலையில் பலராமன் நின்றான். முதல் நாள், முதல் சோதனை, மேஸ்திரி இல்லாததால் சோதனை ஆகாமல் கிடந்த அதே கல்யாணச் சீலை. முதலாளி மேஜைமேல் விரித்துவைத்துப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோர்வையைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும், அது மேஸ்திரி முறை. பலராமன் ஒரு கரையில் விரலை ஓட்டினான். தலைப்பிலிருந்து கடைசி வரை தண்ணீர்மேல் போகிற மாதிரி போயிற்று. ஜோசப்ராஜின் கரை. எல்லாம் தெரிந்த பிறகு நெய்த கடைசி மூன்று முழத்திலும் அந்தக் கை அசையவில்லை.

மறு கரையில் ஓட்டினான். அது அவனுடையது. கடைசி முழத்தில் விரல் தடுக்கியது. இழை விலகிச் சந்து விட்டிருந்தது. கண்ணில் தண்ணீரோடு நெய்த இடம்.

"இங்க தப்பு கீதுங்க" என்றான்.

முதலாளி குனிந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. தறியிலிருந்து அறுத்து மடித்துவிட்டால் எது இடது கரை, எது வலது கரை என்று நெய்தவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

"பார்த்தியா! கண்ணு தெரியாதவனை உக்கார வெச்சா இதான். நல்ல வேளை, அப்பவே எறக்கினோம்."

"இல்லீங்க. இது வலது கரை. நான் போட்டது. அவன் கரையில ஒரு பிசிறு இல்ல, பாருங்க. தப்பு என்னுதுங்க."

முதலாளி அவன் தோளைத் தட்டினார். "போதும்பா. அவன் ஊரை விட்டே போயிட்டான். இன்னும் அவனுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கறியே."

பலராமன் சீலையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் நடுவில் வந்து நின்றான். "இது என் தப்பு! அவன் கண்ணு நல்லாக் கீது, நான்தான் பொய் சொன்னேன்!" என்று கத்தினான். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூடப் பொறந்தவன்கூட இப்படி இருக்கமாட்டான்" என்று சொல்லி வேணுகோபால் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.